கோவை மெட்ரோ ஃபைல் திரும்பி வந்துவிட்டது, டவுன் பஸ்ஸை எப்போது பார்ப்பது?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்):

2025 நவம்பரில் கோவை, மதுரை இரண்டு ஊர் மெட்ரோ அறிக்கைகளையும் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியதிலிருந்து இங்கே ஏகப்பட்ட இழைகள் ஓடிவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே சண்டைதான்: வேண்டுமென்றே மறுத்தார்களா, அறிக்கையிலேயே ஓட்டையா? அதை அந்த இழைகளிலேயே தொடருங்கள். இங்கே ஊரைப் பற்றிப் பேசலாம்.

நாம் கேட்டது இரண்டு வழித்தடம். உக்கடத்திலிருந்து அவினாசி ரோடு வழியாக நீலாம்பூர் வரை ஒன்று. ரயில்வே ஜங்ஷனிலிருந்து சத்தி ரோட்டில் வலியாம்பாளையம் பிரிவு வரை இன்னொன்று. சேர்த்து 34.8 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 300 கோடிக்கும் மேல் வருகிறது.

மறுப்புக்குச் சொன்ன காரணங்களில் ஊர் வாயில் நின்றது மக்கள்தொகை. 2017 மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. 2011 கணக்கில் நம் மாநகராட்சி எல்லைக்குள் 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதே 2011-ல் கோவையின் கூட்டு நகரப் பகுதி என்று கணக்கெடுத்தவர்களே வகுத்த பரப்பில் 21 லட்சத்துக்கு மேல். நீலாம்பூரில் வேலை செய்து துடியலூரில் தூங்குகிறவன் எந்த எல்லைக்குள் இருக்கிறான் என்று பார்த்தா பஸ் ஏறுகிறான்? அதனால் அந்தக் காரணம் எனக்கு ஒப்பவில்லை.

சரி, நாளைக்கே ஒப்புதல் வந்தாலும் முதல் ரயில் ஓட எவ்வளவு காலம்? சென்னையில் முதல் கட்ட வேலை 2009-ல் தொடங்கியது. கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை ஓடியது 2015 ஜூனில். முதல் கட்டம் முழுவதும் முடிந்தது 2019 பிப்ரவரியில். அந்தப் பத்து வருடம் இங்கே ஊர் எதில் போகும் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு நடுவில் 2025 அக்டோபர் 9-ஆம் தேதி அவினாசி ரோட்டு மேம்பாலம் திறந்தாயிற்று. கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி. கார் வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே நல்ல காரியம், நானும் போயிருக்கிறேன். ஆனால் மேலே பஸ் ஸ்டாப் ஏது? டவுன் பஸ் எப்போதும்போல கீழேதான் ஊர்கிறது. பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழிலை ஆரம்பித்து, யு.எம்.எஸ். என்று பெரிய பஸ் கம்பெனியாக வளர்த்த மனிதர் அவர். அவர் பெயரில் இருக்கிற பாலத்தில் டவுன் பஸ்ஸுக்கு வேலையில்லை என்பதை அவரே ரசித்திருக்க மாட்டார்.

என் கட்சி இதுதான்: மெட்ரோ வரட்டும், வராமல் போகட்டும். டவுன் பஸ்ஸும் நடைபாதையும் சரியாகாமல் இந்த ஊர் நகராது. மெட்ரோ வந்தாலும் ஸ்டேஷனுக்கு ஜனங்கள் அதில்தானே வரவேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சத்திரோட்டான்:

அண்ணா, கோபிக்க வேண்டாம். "முதலில் பஸ்ஸைச் சரி செய்வோம்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் அதற்கு அர்த்தம் இரண்டுமே நடக்காது என்பதுதான்.

நான் சரவணம்பட்டியில் வேலை செய்கிறேன். சாயங்காலம் ஆறரைக்குக் கணபதிப் பக்கம் வந்து பாருங்கள். நூறு பஸ் கூடுதலாக விட்டால் நூறு பஸ்ஸும் அந்த நெரிசலில் சேர்ந்து நிற்கும். தனிப் பாதை போடலாம் என்பீர்கள். சத்தி ரோட்டில் அகலம் எங்கே இருக்கிறது? கடைக்காரர் ஒரு அடி விடமாட்டார், நிலம் எடுக்கப் போனால் கோர்ட்டு. மேலே போகிற ரயில் ஒன்றுதான் அந்த ரோட்டுக்கு வழி.

இன்னொன்று. எங்கள் ஆபீஸில் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் மிகக் குறைவு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் எல்லோரும் ஸ்கூட்டர் லோன் போட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை வண்டி வாங்கினவனைத் திரும்ப பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஏசி ரயில் என்றால் ஏறுவான்.

நொய்யல்கரை:

சத்தி ரோட்டில் தேவை இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டில் ஒன்றுதான் முதலில் என்றால் நானும் சத்தி ரோட்டைத்தான் சொல்வேன். அவினாசி ரோட்டில் பாலத்தின் தூண்கள் நடு ரோட்டைப் பிடித்துவிட்டன. மெட்ரோ அங்கே ஓரமாக ஒதுங்கித்தான் போகவேண்டும். இரண்டையும் ஒரே தூணில் கொண்டுபோக முடியுமா என்று பாலம் கட்டும் முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பாலம் ஒரு துறை, மெட்ரோ இன்னொரு நிறுவனம், பஸ் மூன்றாவது. யாரும் யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. 1994-க்குப் பிறகு ஊருக்கு அடுத்த மாஸ்டர் பிளான் 2025-ல்தான் வந்தது என்றால் வேறென்ன எதிர்பார்ப்பது.

டெப்போ ரிட்டையர்டு:

வணக்கம். கண்டக்டராகச் சேர்ந்து, கடைசியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த டெப்போ என்று கேட்காதீர்கள், பழகினவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

தம்பி "நூறு பஸ் விட்டால்" என்று எழுதியிருக்கிறார். வண்டி வாங்குவது சுலபம். ஓட்ட ஆள் வேண்டும். ஒரு டவுன் பஸ் விடிகாலையிலிருந்து ராத்திரி வரை ஓடவேண்டுமென்றால் இரண்டு ஷிஃப்ட். டிரைவர், கண்டக்டர், அவர்களுக்கு வார ஓய்வு, லீவு போட்டால் மாற்று ஆள், எல்லாம் சேர்த்தால் ஒரு வண்டிக்கு ஐந்தாறு பேர். ஆள் இல்லாத டெப்போவில் என்ன நடக்கும்? இருக்கிற ஆளையே டபுள் டியூட்டி பார்க்கச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் அந்த நடை கட். வண்டி ஷெட்டில் நிற்கும், ஸ்டாப்பில் ஜனங்கள் நிற்பார்கள்.

எந்த நடையை வெட்டுவார்கள் தெரியுமா? கலெக்‌ஷன் குறைந்த நடையை. அதாவது மதியம் இரண்டு மணி நடையும் ராத்திரிக் கடைசி நடையும். கடைசி வண்டி வராது என்று ஒரு தடவை ஆகிவிட்டால் அந்த ஊர்க்காரன் போகும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். போகிற காலை நடையின் டிக்கெட்டும் போயிற்று. இதை மேலே சொன்னேன். கலெக்‌ஷன் ஷீட்டைக் காட்டு என்றார்கள். காலை நடையில் குறைந்தது ராத்திரி நடையால் என்று எந்த ஷீட்டில் தெரியும்?

தனியார் டவுன் பஸ் நம் ஊரில் நிறைய. அவர்கள் வண்டி சுத்தமாக இருக்கும், பாட்டு போடுவார்கள், ஆபீஸ் நேரத்தில் நன்றாக ஓட்டுவார்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பெர்மிட்டில் நேரம் இருக்கும், ரோட்டில் வண்டி இருக்காது.

பீளமேட்டுக்காரி:

ஐயா சொன்ன கடைசி நடை விஷயத்துக்கு நூறு லைக் போடலாம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். எங்கள் வீட்டில் வேலைக்கு உதவ வரும் அக்காவுக்கு மாதம் கணிசமான பணம் மிச்சம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தனியார் வண்டிகள் வரிசையாகப் போகும். காசில்லாத பஸ் எப்போது வரும் என்று ஒரு போர்டும் கிடையாது. அவசரமென்றால் காசு கொடுத்து ஏறிவிடுகிறார்.

அப்புறம் ரோட்டைக் கடப்பது. அவினாசி ரோட்டில் சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன, சரி. எதிர்ப்பக்க ஸ்டாப்புக்குப் போகிறவள் எப்போது கடப்பது? ஹோப் காலேஜில் சாயங்காலம் நின்று பாருங்கள். முதலில் ஒரு வயதானவர் கையை நீட்டிக்கொண்டு இறங்குவார். அவருக்குப் பின்னால் காலேஜ் பிள்ளைகள், டிபன் பையோடு மில் வேலைக்காரர்கள் என்று ஒரு கூட்டமாகச் சேர்ந்து பாதி தூரம் போய் நடுவில் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். மறு பாதிக்கு இன்னொரு தைரியசாலி வரவேண்டும். அதற்குள் பஸ் போய்விடும். பஸ்ஸும் ஸ்டாப்பில் நிற்காது, அங்கே ஆட்டோவும் பைக்கும் நிற்கும். ரோட்டின் இரண்டாவது வரிசையில் நிறுத்துவார்கள், ஓடிப்போய் ஏறவேண்டும். என் மாமியார் இதனாலேயே பஸ்ஸை விட்டுவிட்டார்.

10,740 கோடி வேண்டாம். நடந்து கடக்க ஒரு சிக்னல் போடுங்கள்.

கொச்சியில் ஒரு கோவைக்காரன்:

கொச்சி மாநகராட்சியில் 2011 கணக்குப்படி ஆறு லட்சம் பேர்தான். கூட்டு நகரப் பகுதி 21 லட்சம், ஏறக்குறைய நம் ஊர் அளவு. இங்கே 2017 ஜூனிலேயே மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. அப்போதைய விதி வேறு என்பார்கள், தெரியும். ஆனால் 20 லட்சம் என்ற கோட்டுக்குக் கீழே உள்ள மாநகராட்சியில் மெட்ரோ ஓடாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆக்ரா, போபால், பாட்னாவிலும் ஓடுகிறது.

அதே நேரம் நொய்யல்கரை அண்ணனுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறேன். இங்கே ஆலுவா பக்கத்திலிருந்து எர்ணாகுளம் வருகிறவனுக்கு மெட்ரோ வரம். காக்கநாட்டில் ஐடி வேலை செய்கிறவனுக்கு இத்தனை வருடமாக மெட்ரோவால் பெரிய பயனில்லை, பாதை அந்தப் பக்கம் போகவில்லை. இப்போதுதான் வேலை நடக்கிறது. ஸ்டேஷனிலிருந்து உள்ளே போக மின்சார ஃபீடர் பஸ்கள் மெட்ரோ கனெக்ட் என்று ஒரு வரிசையாக வந்ததே 2025-ல்தான். ரயில் ஓடி ஏழு வருடம் கழித்து. நகரத்துக்குள் பெருங்கூட்டத்தை இன்னமும் சுமப்பது தனியார் பஸ்கள்தான்.

இன்னொரு விஷயம், 2023-ல் வந்த வாட்டர் மெட்ரோ. ஊரில் ஏற்கெனவே இருந்த காயலைப் பார்த்து, படகுத்துறையைச் சரிசெய்து, மின்சாரப் படகு விட்டார்கள். டிக்கெட்டும் மெட்ரோ மாதிரியே. ஊரில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்தார்கள்.

போத்தனூர் லைன்:

"ஊரில் என்ன இருக்கிறதோ" என்று நண்பர் சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோவையில் ஒரு வட்ட ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது! ஜங்ஷன், வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர். இருகூரிலிருந்து வெள்ளலூர்ப் பக்கமாக வளைந்து போத்தனூர். அங்கிருந்து திரும்ப ஜங்ஷன். முழு வளையம், மின்மயமாக்கிய தண்டவாளம். ஒரு அடி நிலம் எடுக்க வேண்டாம்.

பீளமேட்டில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது என்று பீளமேட்டுக்காரர்களிடமே சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். சிங்காநல்லூர் ஸ்டேஷனும் அப்படித்தான். காலையில் மூன்று, மாலையில் மூன்று மெமு (குறுந்தூர மின்சார ரயில்) விட்டாலே போதும். பல வருடக் கோரிக்கை இது.

சத்திரோட்டான்:

@போத்தனூர் லைன், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிங்காநல்லூர் ஸ்டேஷன் இருப்பது ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டும் கடைவீதியும் இன்னொரு பக்கம். இறங்கி யார் நடப்பார்கள்? ஈரோட்டிலிருந்து பாலக்காடு போகிற அத்தனை ரயிலும் கூட்ஸும் அதே தண்டவாளத்தில்தான். நம் மெமுவை லூப்பில், அதாவது பக்கத் தண்டவாளத்தில், ஒதுக்கி நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸ்ஸை விடுவார்கள். இருபது நிமிடம் நின்றால் மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள். காலையில் மூன்று ரயில் என்றால், ஒன்றைத் தவறவிட்டவன் என்ன செய்வான்?

போத்தனூர் லைன்:

ஸ்டேஷன் வாசலுக்கு ஒரு மினி பஸ். இதைக்கூடச் செய்ய முடியாதென்றால் மெட்ரோ ஸ்டேஷனுக்கு மட்டும் யார் செய்வார்கள்? நேரம் தவறும் என்பது நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேம்பாலக் காசில் ஒரு துண்டு போதும்: சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் பிளாட்பாரம், கூடுதல் லூப்.

வைகைக்கரை:

மதுரைக்காரன். உங்களுக்காவது கூட்டு நகரப் பகுதிக் கணக்கைக் காட்ட முடிகிறது. எங்களுக்கு 2011-ல் அதுவே 14 லட்சத்துச் சொச்சம்தான். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 31.93 கிலோமீட்டர், 11,368 கோடி என்று அறிக்கை போட்டார்கள். மாசி வீதிகளுக்கு அடியில் சுரங்கம் வரும் என்று படம் பார்த்ததோடு சரி. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியட்டும், அப்புறம் கேட்போம் என்று இருக்கிறோம். அதுவரை மாட்டுத்தாவணிக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோதான் எங்கள் மெட்ரோ.

சிங்கை ரோடு:

பஸ் ஸ்டாண்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு. பாலக்காடு, பொள்ளாச்சிக்கு உக்கடம். மதுரை, திருச்சிக்குச் சிங்காநல்லூர். சேலம், ஈரோட்டுக்குக் காந்திபுரம். ஆம்னிக்கு இன்னொன்று. திருச்சியிலிருந்து வந்து ஊட்டி போகிற வெளியூர்க்காரன் சிங்காநல்லூரில் இறங்கி முழிப்பதைத் தினமும் பார்க்கிறேன். வெள்ளலூரில் ஒருங்கிணைந்த பஸ் நிலையம் என்று 2020-ல் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. இரும்புக் கம்பிகள் வெயிலில் நிற்கின்றன.

பீளமேட்டுக்காரி:

வெள்ளலூர் நின்றது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில், ஊருக்கு ஒரு ஓரத்தில். சென்னையில் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தார்கள். ஏறக்குறைய 88 ஏக்கர், பளபளவென்று இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ரயில் நிலையமும் இல்லாமல், விமான நிலையத்தோடு நிற்கிற மெட்ரோவும் வராமல், பஸ் நிலையத்தை மட்டும் முதலில் திறந்தார்கள். ஊரிலிருந்து விடிகாலை நான்கு மணிக்கு வந்து இறங்கிய ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் ஊரில் ஐந்து ஸ்டாண்டு இருப்பதே ஒரு வகையில் வசதி. ஒவ்வொரு திசைக்காரனும் ஊரைக் குறுக்கே கடக்காமல் ஏறிவிடுகிறான். ஐந்துக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி சுற்றினால் போதும்.

சிங்கை ரோடு:

அதைத்தான் ஒருத்தரும் விடமாட்டேன் என்கிறார்களே.

நிர்வாகி:

கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்பில் இருங்கள்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. சத்தி ரோட்டுத் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. தனிப் பாதைக்கு அகலம் எங்கே என்று கேட்டார். அது இந்தியாவிலேயே ஓடாது என்பாரும் உண்டு, அது பாதி உண்மை. டெல்லியில் 2016-ல் பிரித்தெடுத்தார்கள். இந்தூரிலும் எடுக்க உத்தரவானது. ஆனால் அகமதாபாத்தில் 2009-லிருந்து ஓடுகிறது. ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் தனித்தடத்தில் பஸ் விட்டிருக்கிறார்கள், அவை கோவையைவிடச் சின்ன ஊர்கள். சத்தி ரோட்டில் முடியாது, சரி. பாலம் வந்த பிறகு அவினாசி ரோட்டில் ஏன் முடியாது? தூரமாகப் போகிற கார்களை மேலே அனுப்பத்தானே 1,791 கோடி போட்டோம். அப்படியானால் கீழே காலியாகிற இடத்தில் இரு பக்கமும் ஒரு வரிசையை பஸ்ஸுக்குக் கொடுங்கள். பெயின்ட் அடிக்கிற செலவும் போலீஸ்காரர் நிற்கிற செலவும்தான். இதைச் செய்யாவிட்டால் இரண்டு வருடத்தில் கீழேயும் கார் நிறைந்துவிடும். அப்புறம் யாரிடமும் பிடுங்க முடியாது.

சத்திரோட்டான்:

கீழே பஸ் பாதை, இதற்கு நான் ஆதரவு. ஆனாலும் மெட்ரோ கேட்பதை விடமாட்டேன். கேட்காத ஊருக்கு எதுவும் வராது.

அது கிடக்கட்டும். ஐயா @டெப்போ ரிட்டையர்டு, ஒரு கேள்வி. ஒண்டிப்புதூரிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு வருகிற பெண் காந்திபுரம் போய் மாறி வருகிறார். ஊரைச் சுற்றிக்கொண்டு எதற்கு? குறுக்கே வண்டி விட முடியாதா?

டெப்போ ரிட்டையர்டு:

முடியும். ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், காமராஜர் ரோடு, ஹோப் காலேஜ், தண்ணீர்ப்பந்தல், விளாங்குறிச்சி, சரவணம்பட்டி. ரோடு இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். ஆனால் நம் ரூட்டுகள் எல்லாம் காந்திபுரத்தையும் உக்கடத்தையும் தொட்டுப் போகும்படி அந்தக் காலத்திலேயே போட்டவை. மில்லும் மார்க்கெட்டும் ஜங்ஷனும் அங்கே இருந்தபோது அது சரி. இப்போது வேலை ஊரின் ஓரத்துக்குப் போய்விட்டது, ரூட் போகவில்லை.

குறுக்கு ரூட்டில் ஒன்றிரண்டு வண்டி மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றேகால் மணிக்கு ஒரு நடை. அந்த நேரம் யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் கலெக்‌ஷன் இல்லை என்று எடுத்துவிடுவார்கள். புது ரூட் என்றால் கால் மணிக்கு ஒரு வண்டி, ஒரு வருடத்துக்குக் கலெக்‌ஷன் கேட்கக்கூடாது. இதை எழுத்தில் ஒரு உத்தரவாக வாங்கினால்தான் டெப்போவில் கை வைக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணைப் போல வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஆபீஸிலேயே ஒரு பட்டியல் எடுங்கள் தம்பி. ஊர், ஷிஃப்ட் நேரம் மட்டும் போதும், பெயர் வேண்டாம். பக்கத்து கம்பெனிகளிலும் வாங்குங்கள். ஐநூறு பேர் தேறினால் மனுவை நான் எழுதித் தருகிறேன், எந்த வாசகம் எழுதினால் ஃபைல் நகரும் என்று எனக்குத் தெரியும்.

சத்திரோட்டான்:

திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன் ஐயா. கீரணத்தம் பக்கம் வேலை செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் தனிமடல் போடுங்கள்.